காத்தக் கூப்பிடுற பாட்டு

வணக்கம் அண்ணா,

யோருஷிகாங்கற ஜப்பான் இசைக்குழுவோட 'மாத்தாசபுரோ' பாட்ட கொஞ்ச நாளா ஓயாம கேட்டுட்டிருக்கேன். அது ஜப்பான் எழுத்தாளர் மியாசாவா கென்ஜி கதைய வச்சுப் பண்ணதுன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது, கதையையும் தேடிப் படிச்சேன். பாட்டுல கதையே இல்லையே? ஸ்கூல் இல்ல, பசங்க இல்ல. பழைய எழுத்தாளர் பேரையும் ரெண்டு வரியையும் எடுத்துப் போட்டுக்கிட்டா போதுமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே,

பாட்டு வழியா கதைக்குப் போனீங்கல்ல, அது எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா பாட்டுல கதை இல்லைங்கறத ஒத்துக்க மாட்டேன்.

படிக்காதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். செப்டம்பர் 1, ஆத்தங்கரையில சின்ன ஸ்கூல், லீவு முடிஞ்சு பசங்க வந்து பாத்தா செம்பட்டை முடியோட முன்ன பின்ன தெரியாத பையன் ஒருத்தன் கிளாஸ்ல உக்காந்திருக்கான். பேரு சபுரோ, அப்பா மாலிப்டினங்கற உலோகத்த தோண்டற வேலையா அந்தப் பக்கம் வந்தவர். அவன் அசையறப்போ காத்தடிக்குது, உடனே காசுகேங்கற பையன் இவன் காத்தோட புள்ள மாத்தாசபுரோதான்னு அடிச்சு சொல்லிடறான். பத்துப் பன்னெண்டு நாள்ல சபுரோ ஊர விட்டே போயிடறான், அவன் யாருன்னு கென்ஜி கடைசிவரை சொல்லவே மாட்டார். இத்தனைக்கும் இதுக்கு முன்னாடி எழுதி வச்ச வடிவத்துல அவன் நிஜமாவே காத்துதான், உலகத்த சுத்திட்டு வந்து பசங்ககிட்ட பேசறவன். திருப்பி எழுதறப்போ அத சந்தேகமா மாத்திட்டார், கதையோட உயிரே அந்த சந்தேகத்துலதான் இருக்கு.

இப்ப பாட்டுக்கு வாங்க. 2021 ஜூன்ல வந்தது, குழுவுல இருக்கற நபுனா எழுதி இசையமைச்சு, கூட இருக்கற சூயி பாடினது. ஒண்ணுமே நடக்காத வாழ்க்கையில சலிச்சுப்போன ஒரு ஆள், காத்துக்குத்தான் காத்திட்டிருந்தேன்னு சொல்லிட்டு, சோகம் கனவு எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போன்னு நேரா மாத்தாசபுரோவ பேர் சொல்லிக் கூப்பிடுறார். சபுரோவ இல்ல, கவனிங்க. கென்ஜி முடிக்காம விட்டத, அவன் காத்துதான்னு பாட்டு முடிவே பண்ணிடுது, எனக்கு அது காசுகே வளந்து பெரியாளாகி வேலை வெட்டின்னு மாட்டிக்கிட்டு அந்தப் பையன இன்னமும் நம்பிக்கிட்டிருக்கற குரலாத்தான் கேக்குது. கதைய நல்லா உள்வாங்கின ஒருத்தராலதான் இப்படி எழுத முடியும்.

ரெண்டு வரின்னு சொன்னீங்களே, பச்சை வால்நட்டையும் புளிப்புக் காயையும் ஊதித் தள்ளுன்னு வர்ற இடம், அது கதையிலயே பாட்டுதான். கதை ஆரம்பிக்கறதே காத்து உறுமற சத்தத்தோட அந்தப் பாட்டுலதான். 1933ல கென்ஜி செத்தப்போ அவருக்கு 37 வயசு, அடுத்த வருஷம்தான் இந்தக் கதை அச்சுல வந்துச்சு. அந்த வரிங்கள இன்னிக்கு ஸ்கூல் பசங்க ஹெட்போன்ல கேக்கறாங்கன்னா எனக்கு அதுல ஒரு குறையும் தெரியல.

குறைன்னு பாத்தா வேற ஒண்ணு இருக்கு. செப்டம்பர் 1 ஒட்டி வர்ற நாள் ஜப்பான் விவசாயிங்களுக்கு பயம், நெல்லு பூக்கற சமயத்துல புயல் வந்துடும். கென்ஜி ஜப்பானோட இவாத்தே மாகாணத்துல விவசாயப் பள்ளி வாத்தியார், உரக்கணக்கு போட்டுக் குடுத்து விவசாயிங்களோடயே கெடந்தவர், அதனால அவரோட காத்துல அழிவும் சேந்தே வரும். நபுனாவோட காத்துல விடுதலை மட்டும்தான், அந்த பயம் கொஞ்சம் இருந்திருந்தா பாட்டு இன்னும் பெருசா ஆயிருக்கும்.

மறுபடி கேக்கறதுக்கு முன்னாடி, காசுகே மூடுபனில வழி தவறி மயங்கி விழுந்து, சபுரோ கண்ணாடி மேலங்கி போட்டுக்கிட்டு பறக்கறத பாப்பான்ல, அந்தப் பகுதிய மட்டும் இன்னொரு தடவ படிச்சுட்டுப் போடுங்க.