டெல்லியை ஒரே நாளில் குழுச் சுற்றுலாப் பேருந்தில் பார்க்கலாமா? வயதான பெற்றோரும் வருகிறார்கள்.

பார்க்கலாம். ஆனால் திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் மூன்றுக்கும் அன்று விடுமுறை. இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியே வந்திருக்காது.

ஆட்டோக்காரரிடம் இந்தியில் மல்லுக்கட்ட முடியாது, பெரியவர்களை அலைக்கழிக்கவும் முடியாது என்றுதான் நீங்களும் பேருந்தை யோசிப்பீர்கள். நானும் அப்படித்தான் அப்பா, அம்மாவோடு சேர்த்து மூன்று இருக்கை போட்டேன். செங்கோட்டைக்கு எதிரே வண்டி வேகத்தைக் குறைத்தது. "லெஃப்ட்ல பாருங்க, ரெட் ஃபோர்ட்" என்றார் வழிகாட்டி. அவ்வளவுதான். நாங்கள் உட்கார்ந்திருந்தது வலது பக்கம். அம்மா பார்த்தது, எழுந்து நின்று படம் எடுத்தவரின் முழங்கையை. தாமரைக் கோயிலும் வாசலுக்கு வெளியே இருந்துதான்.

கைவினைப் பொருள் கடைக்கு மட்டும் விடுமுறை இல்லை. அங்கே முக்கால் மணி நேரம். குதுப் மினாருக்கு அரை மணி.

அப்பா கிளம்பி வந்ததே குதுப் மினாருக்காகத்தான். 1978-இல் ஒரு வேலைக்கான நேர்காணலுக்கு வந்தவர், அந்தக் கோபுரத்துக்குள் படியேறியிருக்கிறார். 1981-இல் உள்ளே நெரிசலில் பலர் இறந்தபிறகு படிகளை மூடிவிட்டார்கள். அது அவருக்குத் தெரியும். அவருக்கு அதே வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூண் போதும். சுமார் 1600 ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்றும் துரு தின்னாத தூண். அதில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்பார்கள். அன்று அவருக்குக் கை எட்டியதாம், வேலையும் கிடைத்ததாம். 1997-இல் சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தூணுக்கு முதுகைக் காட்டி, "இப்படித்தான்" என்று அம்மாவுக்குச் செய்து காட்டினார். தோள்வலி. நடுவில் தூணே இல்லாமலும் விரல்கள் ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டன. அதற்குள் வழிகாட்டியின் விசில்.

குழுச் சுற்றுலா எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. தாஜ்மகாலுக்கு ஹுமாயூன் கல்லறை எப்படி முன்மாதிரி ஆனது என்று அதே வழிகாட்டிதான் அழகாக விளக்கினார். கிழமையைப் பார்க்காதது என் தப்பும்தான். ஆனால் காசு வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, இருந்தாலும் சொல்கிறேன். திரும்பி வந்ததும் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சித்தப்பா, "டெல்லி வரை போய் செங்கோட்டைக்குள்ள போகலையா?" என்று சிரிப்பு பொம்மை போட்டார். 1978-இல் கிடைத்த அந்த வேலையின் சம்பளத்தில்தான் அவர் கல்லூரி ஃபீஸே கட்டப்பட்டது. அப்பா பதில் போடவில்லை, நானும் போடவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்த இடத்தில் இறக்கி விடுவார்கள், எதை வண்டியிலிருந்தே காட்டுவார்கள், எத்தனை கடையில் நிறுத்துவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குதுப் மினாரை மட்டும் இன்னொரு நாளுக்கு வையுங்கள். மஞ்சள் மெட்ரோவில் அந்தப் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் போதும்.