நெல் மஞ்சளாகிறது: யார் பேச்சைக் கேட்பது?

வணக்கம். நட்டு 25 நாளான நெல் மஞ்சளாகிறது; இயற்கை விவசாயக் குழுவில் யூரியாவைத் தொடாதே என்கிறார்கள், உரக்கடையில் இரண்டு மூட்டை போடச் சொல்கிறார்கள், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு தரப்பையும் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் இலையைப் பாருங்கள்.

அடி இலைகள் நுனியிலிருந்து சீராக மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளுத்து, கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் துத்தநாகக் குறை. அதற்கு மூட்டை மூட்டையாக யூரியா போடுவதும் தீர்வில்லை, சாணம், கோமியம் கலந்து புளிக்க வைக்கும் ஜீவாமிர்தமும் தீர்வில்லை. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து தெளியுங்கள்.

தழைச்சத்துதான் குறை என்றால் இலை வண்ண அட்டை (எண் போட்ட பச்சை நிறப் பட்டைகள் உள்ள அட்டை) வாங்கி, வாரம் ஒருமுறை இலையின் நிறத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு எண் 3, மற்ற ரகங்களுக்கு எண் 4. அதற்குக் கீழே போனால் மட்டும் கொஞ்சம் யூரியா. கூடவே தண்ணீரில் மிதந்து தழைச்சத்து தரும் அசோலா என்ற சிறு பெரணியும் விடலாம், இரண்டுக்கும் சண்டை இல்லை. திருந்திய நெல் சாகுபடி முறையில் நடாவிட்டாலும், அதிலிருந்து காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாமே ஒன்றோடொன்று சேராது. தண்டுத் துளைப்பான் பூச்சியின் முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவியின் முட்டை அட்டையை வயலில் கட்டிவிட்டு, அப்புறம் பூச்சிமருந்து அடித்தால் அந்தக் குளவிகள்தான் முதலில் சாகும். அங்கே மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

இளம் இலையும் அடி இலையும் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.