கேம் கேள்வி - பதில்: ‘ரிவன்’ என்ற புதிர் கேமின் தீவில் வழி தெரியாதவர்களுக்கு

*1997-இல் வந்த பழைய பதிப்பை ஆடுகிறேன். பள்ளிக்கூடத்தில் இருக்கும் தூக்குப் பொம்மையைச் சுற்றிச் சுற்றி 1 முதல் 10 வரை எண்களின் குறிகளைப் பிடித்துவிட்டேன். குவிமாடத்தைத் திறக்கும் ஐந்து எண்களில் பொம்மை காட்டாத குறிகளும் இருக்கின்றன. அவற்றை எங்கே தேடுவது?*
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

எங்கேயும் தேட வேண்டாம், உங்கள் நோட்டிலேயே இருக்கின்றன. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். இந்த எண்முறை 25 வரை போய்த்தான் அடுத்த இலக்கத்துக்கு ஏறும். நீங்கள் குறித்த 1-ஐயும் 5-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். நிற்கிற கோடு 1. அதையே படுக்கப் போட்டால் 5. அடுத்து 2-ஐயும் 10-ஐயும் பாருங்கள்: அதே வளைவு, கால் சுற்றுத் திரும்பியிருக்கும். ஒரு குறியை அப்படித் திருப்பினால் மதிப்பு ஐந்து மடங்காகிறது. எனவே 3-ஐத் திருப்பினால் 15, 4-ஐத் திருப்பினால் 20. நடுவில் வருவதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வைத்தது. 5-இன் மேல் 1 வைத்தால் 6, பார்க்கக் கூட்டல் குறிபோல் இருக்கும். 15-இன் மேல் 2 வைத்தால் 17. குறியைச் சுற்றியிருக்கும் கட்டத்தின் சட்டத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கோடுகளை மட்டும் பிரித்துப் பாருங்கள். இவ்வளவு அழகான எண்முறையை ஒரு பொம்மைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்களே, அதற்காகவே இந்த கேமைப் பொறுமையாக ஆடலாம்.

எண் சரியாக இருந்தும் குவிமாடம் திறக்கவில்லை என்றால், பூட்டில் நகர்த்தும் ஐந்து துண்டுகளில் ஒன்றைப் பெரும்பாலும் ஓர் இடம் தள்ளி வைத்திருப்பீர்கள். அங்கே 25 இடங்கள். முதல் இடமே 1, பூஜ்யம் கிடையாது. ஐந்தைந்தாகப் பிரித்து எண்ணுங்கள். நான்கு சரி, ஒன்று தப்பு என்று அது சொல்லாது, ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். நண்பரிடம் எண்ணைக் கேட்டும் பயனில்லை: புது ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் அந்த ஐந்து எண்களும் மாறும்.

*இரண்டு வாரமாக ஒரே தீவில் நிற்கிறேன். எல்லா லீவரையும் இழுத்தாயிற்று. பழைய பதிப்புதான் ஆடுகிறேன்.*
- வாசகி, ஆத்தூர்

லீவரை விடுங்கள், கதவுகளைக் கவனியுங்கள். உள்ளே நுழைந்ததும் திரும்பி நின்று கதவைச் சாத்திப் பாருங்கள். திறந்து கிடக்கும் கதவு தனக்குப் பின்னால் ஒரு வழியையே மறைத்திருக்கும். பலர் நாள் கணக்கில் மாட்டுவது இதில்தான்.

அடுத்தது காது. ஹெட்போன் போட்டே ஆடுங்கள். வழியில் கண்போல் பதித்த மரப்பந்தைத் தொட்டுச் சுற்றினால் ஒரு பிராணியின் குரல் கேட்கும், பின்பக்கத்தில் ஓர் எண் தெரியும். அந்தக் குரல் எந்தப் பிராணியுடையது என்பது ஒரு விஷயம். எண் சொல்லும் வரிசை இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதிவைத்துவிட்டு, பின்னால் குரலுக்காகத் தீவு தீவாக அலைய நேரும். ஸ்கிரீன்ஷாட்டில் சத்தம் பதியாது, அதனால் கையால் எழுதுவதே மேல். கோடு போட்ட நோட்டைவிடக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு நல்லது. பிறகு 25-க்கு 25 கட்டப் பலகையில் வண்ணக் கோலிகளை வைக்கும்போது அதன் அருமை தெரியும்.

*ஏற்காட்டில் மழை வந்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆட்டம் அழிந்துபோகாமல் இருக்க என்ன செய்வது?*
- வாசகர், ஏற்காடு

புது இடத்துக்குப் போகும்போதும், புதிதாக ஒன்றைக் கண்டதும் சேவ் செய்யுங்கள். ஒரே சேவை அழித்து எழுதாமல், இடத்தின் பெயரிட்டு நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ்ஸில் சிபியுவோடு மானிட்டரையும் செருகுங்கள். திரை இருட்டாகிவிட்டால் சேவ் பொத்தானை எப்படி அழுத்துவது?

*1997 பதிப்புக்கான விடைக் குறிப்பை வைத்து 2024-இல் வந்த புதுப் பதிப்பை ஆடலாமா?*
- வாசகர், சூரமங்கலம், சேலம்

வேண்டாம். இந்த கேமை உருவாக்கிய சயான் நிறுவனம் 2024-இல் படங்களை மட்டும் மாற்றவில்லை, பல புதிர்களையும் மாற்றிவிட்டது. பழைய ஐந்து சிடி ஆட்டத்தில் குறிக்குச் சொன்ன பொருள் இதில் அப்படியே பொருந்தாது. விடை வேண்டும் என்றாலும் முழுசாகப் படிக்காதீர்கள். நிற்கும் இடத்துக்கான முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவையுங்கள்.