40 நிமிடத்தில் பேச்சை நிறுத்தும் மடிக்கணினி

கேள்வி: பார்வையற்ற என் தம்பி இவ்வாண்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான். கோலாலம்பூரில் ஒரு கணினிக் கடையில் விவரத்தைச் சொல்லித்தான் மடிக்கணினி வாங்கினோம். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் ‘ஜாஸ்’ திரைவாசிப்பானுக்கு என்று 900 ரிங்கிட் தனியாக வாங்கிக்கொண்டார்கள். 40 நிமிடம் படிக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. “ரீஸ்டார்ட் செய்யுங்கள்” என்கிறது கடை. கணினியில் கோளாறா?
– வாசகி, செந்தூல்

பதில்: கணினி நன்றாகத்தான் இருக்கிறது. உரிமம்தான் இல்லை. ஜாஸை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கி நிறுவலாம். உரிமம் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் மட்டுமே ஓடும், பிறகு கணினியை மறுபடி தொடக்க வேண்டும். வாங்குமுன் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. தேர்வு மண்டபத்தில் இதை நம்பி உட்கார முடியாது.

கடையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உரிம எண் என்ன, அது யார் பெயரில் இருக்கிறது? உரிமத்தை வாங்கிவிட்டுச் செயல்படுத்த மறந்திருந்தால் உடனே எண்ணைத் தருவார்கள். மழுப்பினால் 900 ரிங்கிட்டையும் திருப்பிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேட்பது நல்லது, வாய்ப்பேச்சு பின்னால் சாட்சியாக நிற்காது. பேச்சு நிற்கும் தருணத்தைக் கைப்பேசியில் ஒலியோடு பதிவு செய்து வையுங்கள்.

என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று பயனீட்டாளர் சொல்லி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஆவது பிரிவு. நீங்கள் சொல்லி வாங்கியது இங்கே கைகொடுக்கும். கடை மசியாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் (திரிபியூனல் என்றால் எல்லோருக்கும் தெரியும்) 5 ரிங்கிட் கட்டி முதலாம் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் மனு போகட்டும்.

பணம் திரும்பியதும் அதே கையோடு ஜாஸ் உரிமம் வாங்க ஓடாதீர்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் முற்றிலும் இலவசம். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் படிக்கும். குரல் கொஞ்சம் எந்திரத்தனமானது, ஆனால் வேகமாகப் படிக்க அதுவே தோது. பட்டப்படிப்புக்கு இது போதும் என்பதே எங்கள் கருத்து. ஏதாவது பாட மென்பொருள் இதனோடு ஒத்துவரவில்லை என்று தெரிந்த பிறகு ஜாஸைப் பற்றி யோசிக்கலாம்.

தொடங்கியதும் இரண்டு இடத்தில் இடறும். என்விடிஏவின் பெரும்பாலான கட்டளைகளுக்கு ‘இன்சர்ட்’ விசை வேண்டும். சிறிய மடிக்கணினிகளில் அது இருக்காது, அல்லது வேறு விசையோடு ஒட்டியிருக்கும். அமைப்பில் ‘கேப்ஸ்லாக்’குக்கு மாற்றி, விசைப்பலகை அமைப்பை ‘லேப்டாப்’ என்று வையுங்கள். அடுத்தது புளூடூத் காதொலிப்பான் (இயர்போன்). சத்தம் இல்லாத நேரத்தில் அது தூங்கிப்போகும், விழிப்பதற்குள் முதல் அசை விழுங்கப்பட்டுவிடும். “நீக்கவா?” என்பதில் பாதிதான் காதில் விழும். கம்பி வைத்த சாதாரணக் காதொலிப்பான் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குச் செவிக்கருவி இருந்தும் விரிவுரை மண்டபத்தில் ஒன்றும் புரியவில்லை. விரிவுரையாளர் சட்டையில் மாட்டும் மைக் வாங்கச் சொல்கிறார்கள். பயன் உண்டா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: உண்டு. பேசுகிறவரிடமிருந்து விலக விலகக் குரல் தேயும், குளிர்சாதனத்தின் இரைச்சலோ அப்படியே இருக்கும். செவிக்கருவி இரண்டையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. மைக் வாயருகே, ஒரு சாண் தூரத்தில் இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் இத்தகைய மைக் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் செவிக்கருவியோடுதான் இணையும். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், மகளின் காதில் இருக்கும் கருவியோடு இணைத்துக் காட்டினால் மட்டுமே காசு கொடுங்கள். கடை அறையில் எல்லாமே நன்றாகக் கேட்கும், வகுப்பில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள்.

அதுவரை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ பேச்சை எழுத்தாக்கிக் காட்டும், செலவில்லை. மலாயும் ஆங்கிலமும் ரோஜாக் மாதிரிக் கலந்து பேசும் விரிவுரையாளரிடம் அது திணறும்.

மகளுக்கு ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) இருந்தால், செவிக்கருவி போன்ற அடிப்படைத் துணைக்கருவிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் வரை உங்கள் வருமான வரியில் கழிவு உண்டு. மடிக்கணினி வேறு கணக்கு, 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் வரும். ஒரே பில்லில் எழுதச் சொல்லாதீர்கள். ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், வெயிலில் மங்கும் தாளாக இருந்தால் நகலெடுத்து வையுங்கள். சமூக நல இலாகாவின் துணைக்கருவி உதவியையும் கேட்கப் போகிறீர்கள் என்றால், விலைக்குறிப்போடு வாங்குவதற்கு முன்பே மனுச் செய்யுங்கள்.

கேள்வி: தமிழ்ப் பாடக் குறிப்புகளைத் திறந்தால் திரைவாசிப்பான் ஆங்கில எழுத்துகளை உளறுகிறது. மென்பொருளை மாற்றவா?
– மாணவர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: மாற்றிப் பயனில்லை. கோப்பு பழைய எழுத்துருவில் இருக்கிறது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். எல்லாக் கணினிக்கும் பொதுவான ‘யுனிகோடு’ எழுத்துமுறைக்கு மாற்றித் தரும்படி விரிவுரையாளரிடம் கேளுங்கள், இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. கோப்பு வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்டது என்றால் திரைவாசிப்பான் உளறக்கூடச் செய்யாது. அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக வரும். ‘ன’, ‘ண’ குழப்பங்களை யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும்.