கடன் தகராறில் கொலை, ஆயுள் தண்டனை, அப்பீல்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கடன் தகராறில் கிராமத்தில் நடந்த கொலை, அதற்கு செஷன்ஸ் கோர்ட் தந்த தீர்ப்பு, அதன் மேல் அப்பீல். இதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஆள் பெயர், கிராமத்தின் பெயர் எதுவும் இருக்காது; அவற்றை நானே எடுத்துவிட்டேன்.

கேள்வி (பாலக்கோடு): வக்கீல் சார், என் மச்சான் தக்காளி நடவுக்கு ஊரில் ஒருவரிடம் 80,000 ரூபாய் வாங்கியிருந்தார். விலை விழுந்துவிட்டது, திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கடன் கொடுத்தவர் டீக்கடை முன்னால் நாலு பேர் பார்க்கத் திட்டினார். அன்று ராத்திரி அவர் தன் மாந்தோப்பில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். யாரும் பார்க்கவில்லை. கடன், அவமானம், அதனால் இவர்தான் செய்தார் என்று சொல்லி ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். அப்பீலில் நிற்குமா?

பதில்: கடன் ஒன்றுதான் ஆதாரம் என்றால் நிற்காது. ஆனால் தீர்ப்பை ஒரு முறை முழுசாகப் படித்துப் பாருங்கள், கூடவே வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள். பார்த்த சாட்சி இல்லாத வழக்கில் சந்தர்ப்ப சாட்சியங்கள் ஒன்றோடொன்று கோத்து, இவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்ற இடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். 1984-ல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது. இன்றும் ஹைகோர்ட்டில் வாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கொலைக்கான காரணம் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டுமே. ஊருக்கே வட்டிக்குக் கொடுத்தவர் என்றால், பாக்கிக்காரர் உங்கள் மச்சான் ஒருவர்தானா? மற்றவர்களைப் போலீஸ் விசாரித்ததா என்று குறுக்கு விசாரணையில் கேட்டிருக்கிறார்களா? விசாரணை அதிகாரியின் சாட்சியத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அடுத்து கொடுவாள். போலீஸிடம் "நான்தான் வெட்டினேன்" என்று சொன்னதாக எழுதியிருப்பது சாட்சியமே ஆகாது. அந்த வாக்குமூலத்தில் எந்தப் பகுதி ஒரு பொருளைக் கண்டுபிடிக்க வழிகாட்டியதோ, அது மட்டும் பழைய சாட்சியச் சட்டம் 27-வது பிரிவில் (2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23-வது பிரிவு) செல்லும். அதனால் கொடுவாளை எங்கே எடுத்தார்கள், எல்லோரும் போய்வரும் இடமா, மகஜரில் (அதை எடுத்தபோது சாட்சிகள் முன் போலீஸ் எழுதிய குறிப்பு) கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் கோர்ட்டில் என்ன சொன்னார்கள், தடய அறிவியல் அறிக்கையில் மனித ரத்தம் என்று மட்டும் இருக்கிறதா, ரத்தப் பிரிவும் இறந்தவருடையதோடு பொருந்துகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். இவை ஆடினால் கடன் மட்டும்தான் மிஞ்சும், அதை வைத்து ஆயுள் தண்டனையைத் தாங்க முடியாது.

கேள்வி (ஊத்தங்கரை, இன்னும் சிலர்): எந்த கோர்ட்டில், எத்தனை நாளுக்குள் போட வேண்டும்? எங்களிடம் பணம் இல்லை.

பதில்: நம் இரண்டு மாவட்டங்களுக்கும் சென்னை ஹைகோர்ட்தான், மதுரைக் கிளை கிடையாது. செஷன்ஸ் கோர்ட் தண்டனை தந்த நாளிலிருந்து 60 நாள்; தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தூக்குத் தண்டனை என்றால் 30 நாள்தான். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகவே தர வேண்டும், அதற்கென்று யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். நாள் கடந்திருந்தால் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லித் தனி மனு போடலாம். "நெல்லு மூட்டை வித்து வக்கீல் ஃபீஸ் சேர்க்க நேரமாச்சு" என்பதும் காரணம்தான், உண்மையாக இருந்தால்.

பணம் இல்லை என்பதற்காக அப்பீல் போடாமல் இருக்க வேண்டியதில்லை. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவு. சேலம் மத்திய சிறையில் இருந்தால் அங்குள்ள அதிகாரி மூலமாகவே அப்பீல் அனுப்பலாம். வீட்டில் இருப்பவர்கள் மாவட்ட கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள்.

பிரிவு எண் பற்றியும் நிறையப் பேர் குழம்பியிருக்கிறீர்கள். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்பு என்றால் இ.பி.கோ. 302. அன்றோ அதற்குப் பிறகோ என்றால் இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 103. தண்டனை இரண்டிலும் தூக்கு அல்லது ஆயுள்தான்.

கேள்வி (அரூர்): ஐயா, என் வீட்டுக்காரர் சேலம் ஜெயிலில் இருக்கிறார். அப்பீல் கோர்ட்டில் பதிவாகி நம்பர் ஆகிவிட்டது. விசாரணைக்கு வர வருஷக் கணக்காகும் என்கிறார்கள். அதுவரை வெளியே எடுக்க முடியாதா?

பதில்: தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்டு மனு போடலாம் அம்மா. ஆயுள் தண்டனையில் அது எளிதாகக் கிடைப்பதில்லை. அரசு வக்கீலுக்கு எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தந்த பிறகே முடிவு செய்வார்கள். தீர்ப்பில் மேலோட்டமாகப் பார்த்தாலே தெரிகிற ஓட்டை இருக்கிறதா என்று நீதிபதிகள் தேடுவார்கள். விசாரணைக் காலத்தில் ஜாமீனில் இருந்து ஒழுங்காக வாய்தாவுக்கு வந்தார் என்பது உதவும், அது மட்டும் போதாது. ஒரு முறை தள்ளுபடியானால் சில காலம் கழித்துத் திரும்பவும் போடலாம். "நான் பார்த்துக்கிறேன், பெஞ்சில் ஆள் இருக்கு" என்று யாராவது பணம் கேட்டால் அவர் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம், சட்டக் கல்லூரி மாணவர்): சார், கொலை அப்பீல் கட்டு கைக்கு வந்ததும் முதலில் எதைப் படிப்பீர்கள்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. தீர்ப்பைப் படிக்க மாட்டேன். தீர்ப்பைப் படித்தால் அந்த நீதிபதி பார்த்த மாதிரியே நாமும் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

முதலில் ஏ.ஆர். காப்பி, அதாவது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல். அடிபட்டவர் உயிரோடு அரசு மருத்துவமனைக்கு வந்திருந்தால், டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் ரெண்டு வரி எழுதுவார்: எத்தனை மணிக்கு, எங்கே, எந்த ஆயுதத்தால், தெரிந்த நபரா தெரியாத நபரா, எத்தனை பேர், கூட்டி வந்தது யார். அந்த டாக்டருக்கு ஊர்ப் பகை தெரியாது, கடன் கதை தெரியாது. அவசரத்தில் கிறுக்கிய அந்த ரெண்டு வரியில் "தெரியாத இரண்டு நபர்கள்" என்று இருந்து, குற்றப்பத்திரிகையில் பெயர் சொல்லி நாலு பேர் இருந்தால் அப்பீலில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் எஃப்.ஐ.ஆரின் ஓரம். மாஜிஸ்திரேட் கைக்கு அது எப்போது போனது என்று தேதி, நேரம் போட்டுக் கையெழுத்து இருக்கும். ராத்திரி எட்டரைக்குச் சம்பவம், பத்து மணிக்கு வழக்குப் பதிவு, ஆனால் பக்கத்து ஊரில் இருக்கிற மாஜிஸ்திரேட்டுக்கு மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் போயிருக்கிறது என்றால், இடைப்பட்ட நேரத்தில் உட்கார்ந்து பேசிப் பெயர் சேர்த்தார்களோ என்ற கேள்வி வரும். தாமதம் ஒன்றே வழக்கைக் கவிழ்க்காது. கொண்டுபோன காவலரைச் சாட்சியாக ஏற்றிச் சரியான விளக்கம் சொல்லியிருந்தால் கோர்ட் ஏற்றுக்கொள்ளும். விளக்கமே இல்லாமல் விட்டால்தான் அரசுத் தரப்புக்குச் சிக்கல்.

மூன்றாவது, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும். நம் பக்கத்துக் கொலைகள் பெரும்பாலும் தோப்பு, களத்துமேடு, ஏரிக்கரை என்று இருட்டில் நடப்பவை. அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) கூண்டில் ஏறி "தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்" என்பார். வரைபடத்தில் புளியமரம் இருக்கும், கிணறு இருக்கும், மின்கம்பம் மட்டும் இருக்காது. முதல் புகாரிலும் விளக்கு பற்றிப் பேச்சே இருக்காது.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. இன்னொன்று, ஹைகோர்ட் எல்லாச் சாட்சியத்தையும் புதிதாக எடைபோடும் என்றாலும் அது மறுவிசாரணை இல்லை. கீழ்க் கோர்ட்டில் கேட்காமல் விட்ட கேள்வியை அங்கே கேட்க முடியாது. கூடுதல் சாட்சியத்துக்கு வழி உண்டு, ஆனால் மிக அபூர்வமாகத்தான் திறப்பார்கள். தருமபுரியில் குறுக்கு விசாரணையில் தூங்கிவிட்டுச் சென்னையில் பெரிய வக்கீலை வைத்துப் பயனில்லை.

கேள்வி (பென்னாகரம்): எங்கள் வழக்கில் சித்தப்பா வி.ஏ.ஓ.விடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள். அவர் அந்த ஆளைப் பார்த்ததே இல்லை.

பதில்: தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் இது பழகிப்போன காட்சி. முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.வைத் தேடிப்போய் ஒருவர் ஏன் மனம் திறக்க வேண்டும் என்று ஹைகோர்ட் பல தீர்ப்புகளில் கேட்டிருக்கிறது. போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு கிராம அதிகாரி இப்படி வாக்குமூலம் எழுதி வாங்கக் கூடாது என்று பழைய கிரிமினல் நடைமுறை விதிகளில் 72-வது விதியே இருந்தது. அதே சமயம், வி.ஏ.ஓ.விடம் சொன்னது என்பதற்காகவே எல்லாவற்றையும் ஒதுக்க மாட்டார்கள். அவர் அதைப் போலீஸிடம் ஒப்படைத்த நேரம், வாசகம் போலீஸ் எழுதுவது போல இருக்கிறதா, அவர் அன்றைக்கு அலுவலகத்தில்தான் இருந்தாரா, இதையெல்லாம் பாருங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி): நான் மறுபக்கம் சார். கொலையானவர் என் அப்பா. 2 லட்சம் கொடுத்ததுதான் அவர் செய்த தப்பு. சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள், ஆளை விடுதலை செய்துவிட்டார்கள். பணமும் போச்சு, அப்பாவும் போனார்.

பதில்: உங்களுக்கும் அப்பீல் உரிமை உண்டு. 2009 திருத்தத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்டவரின் வாரிசு நேராகவே அப்பீல் போடலாம், அரசு போடுகிறதா என்று காத்திருக்க வேண்டாம். முன்அனுமதியும் தேவையில்லை என்று 2018-ல் மல்லிகார்ஜுன் கொடகலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரிவிஷன் (சீராய்வு மனு) போடச் சொன்னால் கேட்காதீர்கள். ரிவிஷனில் விடுதலையைத் தண்டனையாக மாற்றச் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். விடுதலைக்கு எதிரான அப்பீல் கடினம். இரண்டு விதமாகப் பார்க்க இடமிருந்து, கீழ்க் கோர்ட் ஒரு விதமாகப் பார்த்திருந்தால் ஹைகோர்ட் அதில் கை வைக்காது. பிறழ்சாட்சி என்று முத்திரை விழுந்ததாலேயே அவர் சொன்ன எல்லாம் அழிந்துவிடாது, முதல் விசாரணையில் (கூண்டில் அரசு வக்கீல் முதலில் கேட்டபோது) சொன்னதில் மற்ற ஆதாரத்தோடு ஒத்துப்போவதை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வாதம் அங்கே நிற்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, கொலை வழக்கில் என்ன தீர்ப்பு வந்தாலும் கடன் கடன்தான். புரோநோட் தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் வாரிசுகள் சிவில் வழக்குப் போட வேண்டும். டிகிரி (பணத்தைத் தரச் சொல்லும் சிவில் தீர்ப்பு) வாங்க வாரிசுரிமைச் சான்று கேட்பார்கள். அசல் புரோநோட் கொலை வழக்கில் சான்றாவணமாகப் போயிருக்கும், அதன் சான்றிட்ட நகலுக்கு இப்போதே மனு போடுங்கள். கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். அதோடு பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): பணம் கேட்கப் போன இடத்தில் கைகலப்பு, கையில் கிடைத்த மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி. ஆள் மூன்றாம் நாள் இறந்தார். இதுவும் 302-தானா?

பதில்: இந்த மாதிரி வழக்குகளில்தான் அப்பீலுக்குப் பலன் அதிகம். திடீர்ச் சண்டை, முன்திட்டம் இல்லை, ஆயுதம் கொண்டுபோகவில்லை, கொடூரமாக நடந்துகொள்ளவில்லை என்றால் அது கொலை எது என்று சொல்லும் இ.பி.கோ. 300-வது பிரிவின் 4-வது விதிவிலக்கில் விழலாம். அப்போது தண்டனை, கொலை ஆகாத மரணத்துக்கான 304-க்கு இறங்கும். கொல்லும் நோக்கம் இருந்தால் முதல் பகுதி, ஆயுள் வரை போகலாம். சாவு நேரும் என்ற அறிவு மட்டும் என்றால் இரண்டாம் பகுதி, அதிகபட்சம் 10 வருஷம். ஒரே அடி என்பது தானாகக் காப்பாற்றாது, தலையில் எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்று பிரேதப் பரிசோதனை சொல்லும். வீட்டுக்குப் போய்க் கொடுவாள் எடுத்துவந்து வெட்டியிருந்தால் இந்த வாதத்தை மறந்துவிடுங்கள்.

கேள்வி (போச்சம்பள்ளி): செத்தவன் மீட்டர் வட்டிக்காரன். ஊரே நிம்மதியாக இருக்கிறது. இதைச் சொன்னால் தண்டனை குறையாதா?

பதில்: குறையாது, சொல்லவும் சொல்லாதீர்கள். "அவன் இருந்து என்ன" என்ற தொனி அப்பீலில் நம் பக்கத்துக்கே கெடுதல், கொலைக்கான காரணத்தை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மீட்டர் வட்டிக்கு 2003-ம் ஆண்டு கந்து வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, 3 வருஷம் வரை சிறை. உயிரோடு இருந்தபோது அதில் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி (நல்லம்பள்ளி): இரண்டு குடும்பமும் கோயிலில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டோம். கேஸை வாபஸ் வாங்கலாமா?

பதில்: முடியாது. கொலை சமரசத்துக்கு உரிய குற்றம் இல்லை.

கேள்வி (ஓசூர்): ஆயுள் என்றால் 14 வருஷம்தானே?

பதில்: இல்லை. ஆயுள் முழுவதும். கிரிமினல் நடைமுறைச் சட்டப்படி, 14 வருஷம் உள்ளே கழித்த பிறகுதான் அரசு தண்டனையைக் குறைத்து வெளியே விட முடியும்.

கேள்வி (காரிமங்கலம்): அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே பெரியப்பா ஜெயிலில் இறந்துவிட்டார். கொலைகாரர் வீடு என்ற பெயரோடு எங்கள் பிள்ளைகள் வாழ வேண்டுமா?

பதில்: மேல்முறையீட்டாளர் இறந்தால் வழக்கு அத்தோடு அற்றுப்போகும். ஆனால் தண்டனை தூக்கோ சிறையோ என்றால், நெருங்கிய உறவினர் 30 நாளுக்குள் தொடர்ந்து நடத்த அனுமதி கேட்கலாம். சட்டத்தில் பெற்றோர், மனைவி, நேர் வாரிசு, உடன்பிறந்தவர் என்றுதான் இருக்கிறது. தம்பி மகனான நீங்கள் அதில் வர மாட்டீர்கள், பெரியம்மாவோ அவர் பிள்ளைகளோ உங்கள் அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும். இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.