சிகிச்சை முடிந்தும் டிபிஹெச்ஏ பாசிட்டிவ் ஏன்?

கேள்வி: சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்குப் பென்சிலின் ஊசி போட்டு ஒரு வருடம் ஆகிறது. விடிஆர்எல் 1:32-லிருந்து 1:4-க்கு வந்துவிட்டது. டிபிஹெச்ஏ மட்டும் இன்னும் பாசிட்டிவ். நோய் போகவில்லையா?

டிபிஹெச்ஏவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. விடிஆர்எல், டிபிஹெச்ஏ இரண்டுமே ரத்தத்தில் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) தேடும் பரிசோதனைகள்தான், ஆனால் தேடும் எதிர்ப்பொருள் வேறு.

டிபிஹெச்ஏ தேடுவது சிபிலிஸ் கிருமிக்கு எதிராகவே உருவானதை. நோய் குணமான பிறகும் பெரும்பாலோருக்கு அது ஆயுள் முழுக்க இருக்கும், ஆறிய புண்ணின் தழும்பு மாதிரி. திரும்பத் திரும்ப எடுப்பது காசுக்குத்தான் கேடு.

விடிஆர்எல் தேடுவது கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிரானதை. (பரிசோதனைக்கான கார்டியோலிப்பினை மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுப்பார்கள்!) நோய் தீவிரமாக இருக்கும்போது இது ஏறும், சிகிச்சைக்குப் பின் இறங்கும். ரத்தத்தை இரண்டிரண்டு மடங்காக நீர்த்து, எந்த அளவு வரை பாசிட்டிவ் வருகிறது என்று பார்ப்பார்கள். 1:32 என்பது 1:8 ஆனாலே நான்கு மடங்கு இறக்கம். சிகிச்சை பலித்ததற்கு அதுவே போதும். உங்களுக்கு எட்டு மடங்கு. சிலருக்கு இப்படிக் குறைந்த அளவிலேயே நின்றுவிடுவதும் உண்டு. பிறகு நான்கு மடங்கு ஏறினால்தான் மறுதொற்றா என்று சந்தேகிக்க வேண்டும்.

சரி, விடிஆர்எல் மட்டும் போதுமா? போதாது. கர்ப்பம், லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்), மலேரியா இருந்தாலும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். அதனால்தான் முதலில் நோயைக் கண்டறியும்போது டிபிஹெச்ஏவால் உறுதிசெய்கிறார்கள். அப்புறம், ஒவ்வொரு முறையும் அதே ஆய்வகத்தில் அதே பரிசோதனையை எடுங்கள். ஆர்பிஆர் என்ற, விடிஆர்எல் போன்ற இன்னொரு பரிசோதனையின் எண்ணை விடிஆர்எல் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.