செருப்பு கழன்றதே தெரியவில்லை: கிராபீன் சென்சார் வாங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கொஞ்ச நாளாக, நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் கிராபீன் சென்சார் பதித்த காலணிகளைப் பற்றிப் படித்தேன். வாங்கித் தரலாமா?

பதில்: காலணியைப் பிறகு பார்ப்போம். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால், பாத நரம்புகள் பழுதடைந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த வாரமே அப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று காட்டுங்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தால் அதிர்வு தெரிகிறதா, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டால் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான்.

கிராபீன் சாதாரணப் பொருள் அல்ல. ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலம் அது. 2016இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜோனதன் கோல்மன் குழுவினர், குழந்தைகள் பிசைந்து விளையாடும் சிலிக்கோன் களியில் கிராபீனைக் கலந்தார்கள். களிக்குள் கிராபீன் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மின்சாரத்துக்கு வழிவிடுகின்றன. லேசாக அழுத்தினாலும் அந்தத் தொடர்பு குலைந்து மின்தடை மாறுகிறது. கழுத்து நாடித் துடிப்பை மட்டுமா, சிறு சிலந்தி நடந்த காலடியையும் அது உணர்ந்தது!

ஆனால் சிலந்தியின் நடையை உணர்வது வேறு. எழுபது கிலோ மனிதரை நாள் முழுதும் வியர்வையிலும் வெயிலிலும் சுமப்பது வேறு. மிதிபட மிதிபட இத்தகைய சென்சார்களின் அளவு பிசகக்கூடும். இரண்டு சென்சார்களுக்கு நடுவே முள் ஏறினால் அது சொல்லாமலும் போகலாம். ஒரு நோயாளியின் உள்ளங்காலிலிருந்து நானே பலகை ஆணி ஒன்றைப் பிடுங்கியிருக்கிறேன். அதோடு அவர் எத்தனை நாள் நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

இப்போதைக்கு எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு வாங்குங்கள், குதிகால் வார் வைத்ததாக. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காகச் செய்த பணியின் வழியில் வந்த மென்ரப்பர் காலணி அது. போடுமுன் உதறச் சொல்லுங்கள். இரவில் உள்ளங்காலை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். கோயிலுக்கு உச்சிவேளையில் போகவே வேண்டாம். பிரகாரக் கல் சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

மருத்துவரிடம் போகும்போது அவர் இப்போது போடும் பழைய செருப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அடி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதத்தில் எந்த இடத்தில் அழுத்தம் கூடுகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.